காரின் பெட்ரோல் பம்பை வீட்டில் மாற்றிய அனுபவம்: தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

எங்கள் வீட்டில் இருப்பது 2012ஆம் ஆண்டு வாங்கிய சிறிய பெட்ரோல் கார். சென்ற கோடையில் அது முதலில் காட்டிய அறிகுறி மிகச் சாதாரணமானது. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும் எஞ்சின், காலை வேளைகளில் நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகே கிளம்பியது. கேட்டவர்கள் அனைவரும் பேட்டரி பழையதாகிவிட்டது என்றார்கள். 4,600 ரூபாய்க்குப் புதிய பேட்டரி பொருத்தியும் நிலைமை மாறவில்லை. பிறகு மேம்பாலம் ஏறும்போது இழுவை குறைந்தது, பின் இருக்கையின் அடியிலிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்கத் தொடங்கியது, உச்சி வெயிலில் நின்றுபோன எஞ்சின் அரை மணி நேரம் ஆறிய பின் ஒன்றுமே நடவாததுபோல் மறுபடி ஓடியது. இந்த நான்கும் சேர்ந்து வந்தால் சந்தேகப்பட வேண்டியது பெட்ரோல் பம்பையே என்று அப்போது யாரும் சொல்லவில்லை. விழுப்புரம் அருகே ஓர் உறவினர் திருமணத்திற்குச் செல்லும் வழியில், அச்சிறுபாக்கத்தைத் தாண்டிய இடத்தில், கார் முற்றிலும் நின்றுவிட்டது.

தேசிய நெடுஞ்சாலையில் இப்படி நின்றுவிட்டால் 1033 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். சுங்கச்சாவடி சார்ந்த மீட்பு வண்டி வந்து, போக்குவரத்துக்கு இடையூறில்லாத இடத்துக்குக் காரை நகர்த்தித் தரும். அங்கிருந்து வீடு கொண்டுவந்து சேர்ப்பது நம் பொறுப்பு. தாம்பரம் வரை தனியார் ரிகவரி வண்டிக்கு நான் கொடுத்தது 5,500 ரூபாய். குடும்பத்தாரைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, முகூர்த்த நேரத்தில் நான் ரிகவரி வண்டி ஓட்டுநரின் அருகில் அமர்ந்திருந்தேன். மறுநாள் சர்வீஸ் நிலையத்தில் கேட்டபோது, பம்ப், பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவை, வடிகட்டி எல்லாம் அடங்கிய முழுத் தொகுதியையே மாற்றுவோம், கூலியும் வரியும் சேர்த்து 17,000 ரூபாய் நெருங்கும், பாகம் வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம் என்றார்கள். அந்தத் தொகையைக் கேட்ட எரிச்சலில்தான் வீட்டிலேயே செய்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்தேன். எரிச்சலில் எடுத்த முடிவு என்றாலும் இதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் இந்த வேலையில் பம்பை மாற்றுவது மிகச் சிறிய பகுதி. அதற்கு முன்னும் பின்னும் இருப்பவைதான் வேலை என்பதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பாதித் துன்பம் குறைந்திருக்கும்.

இன்றைய பெட்ரோல் கார்களில் பம்ப் எஞ்சின் அருகில் இல்லை. டேங்கின் உள்ளே, பெட்ரோலில் மூழ்கிய நிலையில், ஒரு சிறிய மின் மோட்டாராக இருக்கிறது. அதன் சூட்டைத் தணிப்பதும் அந்தப் பெட்ரோல்தான். மின் மோட்டார் பெட்ரோலுக்குள் ஓடினால் தீப்பிடிக்காதா என்ற கேள்வி எனக்கும் எழுந்தது. மூழ்கியிருக்கும் இடத்தில் எரிவதற்குக் காற்று இல்லை. ஆபத்து எப்போதும் ஆவியும் காற்றும் கலக்கும் இடத்தில்தான். எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் ஊசிமுனை இன்ஜெக்டர்களுக்குச் செல்லும் பெட்ரோல் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் இருக்க வேண்டும். பம்ப் தளர்ந்தால் இந்த அழுத்தம் குறைகிறது, அல்லது எஞ்சினை அணைத்த பின் குழாயில் தங்க வேண்டிய அழுத்தம் வடிந்துவிடுகிறது. காலையில் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்ததன் காரணம் இதுவே. சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பினால் இரண்டு மூன்று விநாடிகள் மட்டும் பம்ப் ஓடி அழுத்தம் ஏற்றிவிட்டு நின்றுவிடும். ஆகவே ஒரு தடவைக்குப் பதிலாகச் சாவியைச் சில தடவை ‘ஆன்’, ‘ஆஃப்’ செய்த பிறகு எஞ்சின் எளிதில் கிளம்பினால் அதுவே ஒரு நல்ல துப்பு. மூவர் ஓட்டும் எங்கள் காரில் டேங்கை நிரப்புவது அடுத்தவர் கடமை என்று ஒவ்வொருவரும் நினைப்பதால், எச்சரிக்கை விளக்கு எரிந்தபடியே ஓடிய நாள்கள் ஏராளம். கால் டேங்குக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் மோட்டார் சூடாவது குறையும்.

பம்ப்தான் பழுது என்று உறுதி செய்யாமல் டேங்கைத் திறக்கக் கூடாது. முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும், அடுத்து பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலே. அதே பெட்டியில் ஹாரனுக்கோ வேறொன்றுக்கோ அதே எண்ணுள்ள ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பது எளிய சோதனை. சாவிப் பூட்டு எச்சரிக்கை விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் பிரச்சினை பம்பில் இல்லாமல், திருட்டைத் தடுக்கும் இமொபிலைசரில் இருக்கலாம். இவையெல்லாம் சரியாக இருந்தால், பின் இருக்கையைத் தூக்கி, டேங்கின் மேலுள்ள கனெக்டரைக் கழற்றி, அங்கே மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே மல்டிமீட்டர் ஏமாற்றும். துரு ஏறிய இணைப்பிலும் அது 12 வோல்ட் காட்டிவிடும்; ஆனால் மோட்டார் இழுக்கும் அளவு மின்சாரம் அந்த இணைப்பு வழியாகப் போகாது. அதனால் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை ஹோல்டருடன் எடுத்து, பம்பின் இடத்தில் இணைத்துச் சாவியைத் திருப்பினேன். பல்பு அந்த இரண்டு மூன்று விநாடியும் பளிச்சென எரிந்தால் மின்சாரமும் எர்த்தும் சரி, பழுது பம்பில்தான். மங்கலாக எரிந்தால் வயரைத் தேட வேண்டும். சாவியைத் திருப்ப ஆள் இல்லாமல் தனியாகச் செய்பவருக்கும் இது வசதி, முன் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தாலே வெளிச்சம் தெரியும். டேங்க் மூடியிருக்கும்போது, கதவுகளைத் திறந்துவைத்து, வெளியில்தான் இதைச் செய்ய வேண்டும். என் பல்பு பளிச்சென எரிந்தது. கனெக்டரை மீண்டும் மாட்டினால் பம்பிலிருந்து சத்தமே இல்லை.

அடுத்தது இடம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்துமிடம் தூண்களுக்கு நடுவே தரைத்தளத்தில் இருக்கிறது. நிழலும் உண்டு, மின்விளக்கும் உண்டு. வேலைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்றே தோன்றும். ஆனால் அதே தளத்தின் மூலையில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கிறது; மேல்தொட்டி காலியானால் யாராவது வந்து பொத்தானை அழுத்துவார்கள், உள்ளே பொறி பறக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளத்திலும் மூலையிலும் தேங்கும். தேங்கிய இடம் நாம் வேலை செய்யும் இடத்திலிருந்து பத்தடி தள்ளியும் இருக்கலாம். மைனஸ் 40 டிகிரி செல்சியஸுக்கும் கீழேயே தீப்பற்றும் அளவு ஆவியை விடும் திரவம் அது; சென்னை வெயிலில் எவ்வளவு விடும் என்று விளக்க வேண்டியதில்லை. இன்வெர்ட்டர், குளிர்பதனப் பெட்டி, வாட்ச்மேன் அறையின் மின் அடுப்பு, மாலையில் வாசலில் வைக்கும் அகல் விளக்கு என எல்லாமே பொறிக்கு இடம் தருபவை. ஆகவே, பக்கத்துக் காலிமனையின் உரிமையாளரிடம் கேட்டு, நண்பர் ஒருவர் பின்னாலிருந்து தள்ள, காரை அங்கே கொண்டுபோனேன். நான்கு கதவுகளும் திறந்த நிலையில், கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு, அதிகாலை வெளிச்சத்தில் தொடங்கினேன். இரண்டு கிலோ உலர்தூள் தீயணைப்பான் ஒன்றை 1,300 ரூபாய்க்கு வாங்கிக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தேன். எரியும் பெட்ரோலில் தண்ணீர் ஊற்றினால் அது மிதந்து பரவுமே தவிர அணையாது. வாளித் தண்ணீரை நம்பி யாரும் இதில் இறங்க வேண்டாம்.

திருமணத்திற்குப் புறப்படும்போது டேங்கை நிரப்பியிருந்ததால் உள்ளே இருபது லிட்டருக்கு மேல் இருந்தது. பம்ப் ஓடினால் அதைக் கொண்டே வெளியேற்றலாம். செத்த பம்பில் அதற்கு வழியில்லை. வாயால் உறிஞ்சிக் குழாயில் இழுக்கும் பழைய வழக்கத்தை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. ஒரு மிடறு பெட்ரோல் வயிற்றுக்குப் போவதைவிட அதில் சில துளி நுரையீரலுக்குள் போவது மிகக் கொடியது. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்கு அழற்சி வரும். கையால் அழுத்தி இயக்கும் சைஃபன் பம்ப் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெட்ரோலை மூடியுள்ள உலோகக் கேன்களில், அவற்றைத் தரையில் வைத்த நிலையில், மெதுவாக நிரப்ப வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் விழும் பெட்ரோல் நிலைமின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும், அது பொறியாகப் பாயலாம். வழக்கமாகப் பெட்ரோல் போடும் கழுத்து வழியாகக் குழாய் உள்ளே இறங்காமல் தடுப்பு இருந்ததால், டேங்கைத் திறந்து, உள்ளிருக்கும் பம்பைச் சற்றே உயர்த்திய பிறகே பெட்ரோலை எடுக்க முடிந்தது.

டேங்கைத் திறக்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். டேங்க் திறந்திருக்கும்போது அதைத் தொடவே கூடாது, கழற்றும்போதும் மாட்டும்போதும் பொறி வரும். பிறகு, பம்பின் தலைப்பகுதியில் படிந்திருக்கும் மண்ணைத் தூரிகையாலும் ஈரத்துணியாலும் முழுவதும் துடைக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுப் புழுதி அங்கே அடையாக இருந்தது. துடைக்காமல் திறந்தால் அத்தனையும் டேங்குக்குள் விழுந்து புதிய பம்பின் சல்லடையை அடைத்துவிடும். பெட்ரோல் குழாயின் பிளாஸ்டிக் பூட்டு பழையதானால் எளிதில் உடையும். இருபக்கக் கொக்கியையும் அழுத்திப் பிடித்து, குழாயை முதலில் உள்பக்கம் தள்ளி, பிறகே இழுக்க வேண்டும். குழாயில் அழுத்தம் மிச்சமிருந்தால் பீய்ச்சும் என்பதால் மேலே துணி சுற்றிக்கொள்வதும், கண்ணாடி அணிவதும், நைட்ரைல் கையுறை போடுவதும் நல்லது. பம்பை இறுக்கிப் பிடித்திருக்கும் பெரிய வளையம்தான் எனக்கு மிகுந்த தொல்லை கொடுத்தது. அது அசையவே இல்லை. இரும்பு உளியால் தட்டுவதை எத்தனையோ பேர் செய்கிறார்கள்; பொறி பறக்க அதுவே போதும். பித்தளைத் துண்டு ஒன்றை வைத்து, மரச் சுத்தியலால், வளையத்தைச் சுற்றிச் சிறிது சிறிதாகத் தட்டித் தட்டி நகர்த்தினேன். முதுகு வலியும் பெட்ரோல் வாடையால் தலைவலியும் சேர்ந்துகொண்ட அந்த வேளையில், 17,000 ரூபாய் அப்படியொன்றும் அதிகமில்லை என்று தோன்றியதை மறைக்க விரும்பவில்லை.

வளையம் கழன்ற பின், பம்ப் எந்தத் திசையை நோக்கி இருந்தது என்பதை டேங்கிலும் மூடியிலும் குறியிட்டுக்கொள்ள வேண்டும். மேலே தூக்கும்போது மிதவைக் கம்பி டேங்கின் விளிம்பில் மாட்டும். இழுத்தால் கம்பி வளைந்து, பின்னர் பெட்ரோல் அளவு முள் பொய் சொல்லும். சற்றுச் சாய்த்து, திருப்பி எடுக்க வேண்டும். பம்ப் அமர்ந்திருக்கும் கிண்ணத்தில் அரை லிட்டருக்கும் மேல் பெட்ரோல் தங்கியிருக்கும். கையில் தட்டு இல்லாவிட்டால் அவ்வளவும் இருக்கை விரிப்பில்தான் கொட்டும். எடுத்துப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. சல்லடைப் பை கறுத்து, மெல்லிய சேறு படிந்திருந்தது. மூடியின் உட்பக்கத்தில் இருந்த கனெக்டரில் ஒரு முனை உருகிப் பழுப்பேறியிருந்தது. தளர்ந்த மோட்டார் வழக்கத்தைவிட அதிக மின்சாரம் இழுக்கும்போது இணைப்பு சூடாகி இப்படி ஆகும். உருகிய முனையை விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் மாற்றினால் புதிய மோட்டாருக்குப் போதிய மின்சாரம் போகாது, சில மாதங்களில் மறுபடி அதே இடத்தில் நிற்க வேண்டிவரும். வீட்டில் பம்ப் மாற்றியவர்கள் பலர் ‘புதிய பம்பும் போய்விட்டது’ என்று சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தச் சிறிய முனைதான் இருக்கும் என்பது என் எண்ணம்.

அன்று என்னை முடக்கியது ரப்பர் வளையம். டேங்குக்கும் மூடிக்கும் நடுவே இருக்கும் அந்த ஓ-ரிங், பெட்ரோலில் ஊறி உப்பி, வெளியே எடுத்ததும் அதன் பள்ளத்தில் மறுபடி அடங்க மறுத்தது. வாங்கிவந்த மோட்டார் பெட்டியில் அது இல்லை. தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய பாகம் என்று கடையிலும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடைகள் மூடியிருந்தன. சிலிக்கான் பசை தடவி மூடிவிடலாம் என்று ஒரு தெரிந்தவர் தொலைபேசியில் சொன்னார். சாதாரண சிலிக்கான் பசை பெட்ரோலில் ஊறிக் கழன்றுவிடும், கழன்ற துணுக்கு சல்லடையில் போய் அடையும். பழைய வளையத்தை வெயில் படாத இடத்தில் சில மணி நேரம் உலர விட்டதில் அது சுருங்கியது. இரவுக்கு மட்டும் பழைய பம்புடன் அதை வைத்து மூடி, கார்க் கதவுகளைச் சற்றே திறந்த நிலையில் விட்டு, காலிமனையிலேயே காவல் இருந்தேன். தெருவில் போகிற யாராவது பீடியை வீசிவிடுவாரோ என்ற பயத்தில் தூக்கமே வரவில்லை. இந்த ஒரு வளையத்தின் விலை 280 ரூபாய்.

ஆகவே டேங்கைத் திறக்குமுன்பே வாங்கிவைக்க வேண்டியவை: மோட்டார், சல்லடைப் பை, ஓ-ரிங், கனெக்டர் முனை, உள்ளே இருக்கும் சிறு குழாய், அதன் கிளிப்புகள். சென்னையில் புதிய பாகங்களுக்கு ஜி.பி. ரோடு, பழையவற்றுக்குப் புதுப்பேட்டை என்று எல்லோருக்கும் தெரியும். பெட்ரோல் பம்பை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது, அதன் மிச்ச ஆயுளை யாராலும் சொல்ல முடியாது. திங்கள்கிழமை ஓ-ரிங் வாங்கப் போனபோது ஜி.பி. ரோட்டில் ஒரு கடைக்காரரிடம், “அண்ணே, இந்த மோட்டார் 900 ரூபாய்க்கும் இருக்கு, 2,600 ரூபாய்க்கும் இருக்கு, என்ன வித்தியாசம்?” என்று கேட்டேன். “ரெண்டும் ஓடும் சார். எவ்வளவு நாள்னுதான் தெரியாது” என்றார். இதைவிட நேர்மையான பதிலை அன்று நான் எதிர்பார்க்கவில்லை. பெட்டியின் மேலுள்ள பெயரைவிட, மோட்டாரின் உடலில் பொறித்த பாக எண்ணும் அழுத்த அளவும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு. உள்ளே பெட்ரோலில் மூழ்கியிருக்கும் குழாய்க்கு எஸ்ஏஇ ஜே30 ஆர்10 என்ற தரக்குறி வேண்டும். வெளியே பயன்படும் சாதாரணப் பெட்ரோல் குழாய் உட்புறத்தை மட்டும் தாங்கும்படி செய்யப்பட்டது. மூழ்கவைத்தால் வெளிப்புறம் ஊறிப் பிளக்கும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், ரப்பர் பாகங்கள் எதுவாயினும் அதற்கு ஏற்றவை என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். பழைய கார்களின் ரப்பர் இந்தக் கலவையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதல்ல.

பொருத்துவது, உண்மையாகவே, ஒரு மணி நேர வேலை. பிளாஸ்டிக் குழாய் மோட்டார் முனையில் ஏறாவிட்டால் வெந்நீரில் நனைத்து இளக்கலாம். லைட்டரைக் கிட்டேயே கொண்டுவரக் கூடாது. வயர்களை மாற்றி இணைத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும், சத்தம் வரும், அழுத்தம் வராது. ஆகவே பழைய மோட்டாரில் எந்த நிற வயர் எங்கே இருந்தது என்பதை முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். புதிய பம்ப் ஓடுகிறதா என்று வெளியே வைத்து பேட்டரியில் தொட்டுப் பார்க்கும் ஆசை வரும். உலர்ந்த நிலையில் ஓடினால் மோட்டார் தேயும், அந்த இடத்தில் பொறியும் வரும். புதிய ஓ-ரிங்கைச் சில துளி எஞ்சின் ஆயில் தடவிப் பள்ளத்தில் சமமாக அமர்த்தி, பெரிய வளையத்தைக் குறி வரை திருகி, சிந்திய பெட்ரோல் எல்லாம் ஆவியாகி வாடை அடங்கும் வரை காத்திருந்து, அதன் பிறகே பேட்டரியை இணைத்தேன். சாவியைச் சில தடவை ‘ஆன்’ செய்து அழுத்தம் ஏற்றிவிட்டு, கிளப்புமுன் குழாய் இணைப்பில் விரலை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் முதல் செல்ஃபிலேயே பிடித்துக்கொண்டபோது நண்பரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் சட்டையிலும் பெட்ரோல் வாடை ஏறியது.

அதோடு வேலை முடிந்துவிட்டது என்று இருக்கையை மூடிவிடக் கூடாது. டேங்கில் ஐந்து லிட்டர் இருக்கும்போது மேல்மூடி கசிந்தாலும் தெரியாது. முழு டேங்க் நிரப்பி, சில வளைவுகளில் ஓட்டி, வந்து இருக்கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தால்தான் ஓ-ரிங் சரியாக அமர்ந்ததா என்பது விளங்கும். சிறிதளவு வாடை இருந்தாலும் காரை ஓட்டக் கூடாது. பயணிகள் அமர்ந்திருப்பது அதன் நேர் மேலே. பெட்ரோல் துடைத்த துணிகளை உடனே குப்பைத்தொட்டியில் போடாமல் திறந்தவெளியில் விரித்து முழுவதும் உலரவிட வேண்டும்.

செலவுக் கணக்கு: மோட்டார், சல்லடை, வளையம், கனெக்டர், குழாய், கிளிப்புகள் எல்லாம் சேர்ந்து 4,400 ரூபாய், தீயணைப்பான், கை பம்ப், கையுறை, உலோகக் கேன்கள் என மேலும் 2,900. தேவையில்லாத பேட்டரியையும் ரிகவரி வண்டியையும் கூட்டினால் சர்வீஸ் நிலையத்தில் சொன்ன தொகையை எட்டிவிட்டேன், எனினும் அவ்விரண்டும் பம்ப் மாற்றிய செலவில் சேரா. பின் இருக்கையின் அடியில் திறப்பு மூடி உள்ள கார்களுக்கு மட்டுமே இந்தக் கணக்குப் பொருந்தும். மூடி இல்லாத கார்களில் டேங்கையே கீழே இறக்க வேண்டும். அதற்குக் காரை உயர்த்தி, ஸ்டாண்டுகளில் நிறுத்தி, எடை மிகுந்த டேங்கைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு குழாய்களைக் கழற்ற வேண்டும். லிஃப்ட் இல்லாத வீட்டில் அதைத் தனியாகச் செய்ய நான் துணியமாட்டேன். சிஎன்ஜி பொருத்திய கார்களுக்கும் அதே முடிவுதான். அவற்றில் பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் குறைவாகவே நிரம்பியிருப்பதால் பம்ப் விரைவில் கெடுவது உண்மை, ஆனால் சிலிண்டரும் அதன் குழாய்களும் அருகிலேயே செல்வதால் உரிமம் பெற்ற பணிமனையில் கொடுப்பதே சரி.